கண்ணாடித் தொட்டியில் கடல் வைப்போருக்கு ஒரு விண்ணப்பம்

வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை நிறுத்தி, அதில் உப்புநீரை நிரப்பி, பவளப்பாறைகளின் இடுக்குகளில் குடியிருக்கும் வண்ணமீன்களை அதிலே உலாவவிட்டுப் பார்க்க வேண்டும் என்னும் ஆசை, கடற்கரை நகரங்களோடு நின்றுவிடாமல் உள்நாட்டு ஊர்களிலும் வேரூன்றி வருகிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில், சென்னைக் கடற்கரைக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் நமது கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டை அந்த ஆசைக்கு விலக்காக இருக்க வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். கடலை அரிதாகக் காணும் பிள்ளைகளுக்கு அதன் ஜீவராசிகளை அருகிலிருந்து காட்டுவது நல்ல காரியம். ஆனால் அந்த அழகு எங்கிருந்து வந்தது, எவ்விதம் வந்தது, வந்த இடத்தில் எதை விட்டு வந்தது என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல் அதை வீட்டுக்குள் அழைப்பது நியாயமாகாது. கடலில் பிறந்து கடலில் பிடிபட்ட உயிர் ஒன்றேனும் வீட்டுத் தொட்டிக்குள் வரலாகாது. மனிதப் பராமரிப்பில் முட்டையிலிருந்து பொரித்து வளர்ந்த உயிர் மட்டுமே வரலாம் என்பதே என் கட்சி.

இதைச் சொல்வதற்குத் தங்கவயல்வாசிகளாகிய நமக்கு ஒரு பிரத்தியேக உரிமை உண்டு. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் கைக்கொண்டது முதல், 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது வரை, நம் ஊர்த் தங்கச் சுரங்கங்கள் ஏறத்தாழ 800 டன் பொன்னை உலகத்துக்கு வழங்கின. பொடியாக அரைத்த பாறையிலிருந்து அந்தப் பொன்னைக் கரைத்துப் பிரிப்பதற்கு உபயோகமான சரக்கு சோடியம் சயனைடு. பொன் அதற்குரிய இடங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 13 மேடுகளாக ஏறத்தாழ 3.3 கோடி டன் கழிவுமண் மட்டும் நம்மோடு தங்கிவிட்டது. காற்று பலமாக வீசும் மாதங்களில் அந்த மேடுகளிலிருந்து எழும் மெல்லிய தூள், கதவைச் சாத்தினாலும் உள்ளே நுழைந்து பாத்திரங்களின் மேலும் படுக்கைகளின் மேலும் படிவதை அறியாத குடும்பம் இந்த வட்டாரத்தில் இல்லை.

அதே சோடியம் சயனைடை, 1960-களின் தொடக்கத்திலிருந்து பிலிப்பைன்ஸ் தீவுகளிலும், பின்னர் இந்தோனேசியாவிலும், அலங்கார மீன் பிடிப்போர் கடல்நீரில் கரைத்துப் பிளாஸ்டிக் குப்பிகளில் நிரப்பிக்கொண்டு, மூழ்கிச் சென்று பவளத்தின் பொந்துகளில் பீய்ச்சி, மயங்கி மிதக்கும் மீன்களைக் கையால் அள்ளி வந்திருக்கிறார்கள். அள்ளப்பட்ட மீன்களிற் பல உள்ளுறுப்புகள் பழுதுபட்டுச் சில நாட்களிலோ சில வாரங்களிலோ மடிந்துபோகின்றன. பீய்ச்சப்பட்ட இடத்திலிருந்த பவளம் வெளுத்துச் சாகிறது. பிடிக்க நினைக்காத சிறு ஜீவன்கள் கணக்கில் ஏறாமலே அழிகின்றன. சட்டம் இதைத் தடை செய்திருந்தும் வழக்கம் முற்றிலும் ஒழிந்தபாடில்லை. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு போனவர்கள் அதன் சேதத்தை அங்கேயே விட்டுப் போவது எப்படியிருக்கும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக அனுபவித்த நாம், இன்னொரு தேசத்துக் கடலோரத்து ஜனங்களுக்கு அதையே செய்கிற வியாபாரத்தில் வாடிக்கையாளராகச் சேர்வது தகுமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மீன் வளர்ப்பே தவறென்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. நன்னீர் அலங்கார மீன்களிற் பெரும்பான்மையானவை பண்ணைகளில் பிறந்தவை. சென்னை கொளத்தூரில் எத்தனையோ குடும்பங்கள் தொட்டிகளில் இனவிருத்தி செய்து ஜீவனம் நடத்துகின்றன. அங்கு பிறந்த கப்பியையும் மோலியையும் வாங்குவதால் எந்த ஆறும் வறுமைப்படுவதில்லை. கடல்மீன்களின் நிலைமை இதற்கு நேர்மாறானது. உலகச் சந்தையில் விலைபோகும் கடல் அலங்கார மீன்களிற் பெரும்பாலானவை இன்றும் பவளப்பாறைகளிலிருந்து பிடித்து வரப்படுபவையே. கடையில் ஒரே விளக்கின் கீழ் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தொட்டிகளுக்கிடையே இவ்வளவு பெரிய வேற்றுமை இருப்பதை வாங்குவோர் பலரும் அறிவதில்லை. கடைக்காரரும் எடுத்துச் சொல்வதில்லை.

பவளப்பாறை மீன்களை வளர்ப்பது ஏன் சிரமம் என்பதையும் சற்று விளக்கிச் சொல்வது அவசியம். ஆற்று மீனுக்கும் குளத்து மீனுக்கும் வெள்ளமும் தெரியும், வறட்சியும் தெரியும். நீரின் தன்மை மாறிக்கொண்டே இருக்கும் உலகில் பிழைக்க அவை பழகியிருக்கின்றன. பவளப்பாறையைச் சூழ்ந்த கடலோ, ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பும், 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமும், 8.1-க்கும் 8.4-க்கும் இடைப்பட்ட pH அளவும் பெரிதும் மாறாமல் காக்கும் பேருலகம். அந்த நிலைபேற்றுக்குப் பழகிய உயிரை 200 லிட்டர் நீருக்குள் வைக்கும்போது, சமுத்திரம் தன் விசாலத்தால் செய்துவந்த வேலையை நாம் நமது ஜாக்கிரதையால் செய்ய வேண்டியவர்களாகிறோம். நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆகவே நாள்தோறும் குறையும் நீரை உப்பில்லாத தூய நீரால்தான் ஈடுசெய்ய வேண்டும். நாலைந்து நாட்கள் கவனிக்காமல் விட்டால் உப்பு மிகுந்துவிடும்; மிகுந்தது கண்டு ஒரே மூச்சில் நன்னீரைக் கொட்டினால் அந்தத் திடீர் மாற்றமே மீனைக் கொன்றுவிடும்.

தொட்டியை நிரப்பிய அன்றே மீனை விடுவது எல்லாவற்றினும் பெரிய குற்றம். மீனின் கழிவிலிருந்தும் மிச்ச ஆகாரத்திலிருந்தும் பிறக்கும் அம்மோனியா கொடிய விஷம். அதை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், மற்றொருவகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரைட்டைத் தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த நுண்ணுயிர்கள் கல்லின் துளைகளிலும் மணலிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை பிடிக்கும். இதைத்தான் தொட்டி வளர்ப்போர் சைக்கிளிங் என்று சொல்கிறார்கள். அந்தக் காலம் முழுவதும் மீனில்லாத தொட்டியைப் பொறுமையோடு பரிசோதித்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சூனியமான பிறகே முதல் மீனை விட வேண்டும். 1950-களில் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், பெரிய வடிகட்டி இயந்திரங்கள் ஏதுமின்றி, நுண்ணுயிர்கள் குடிகொண்ட கடற்பாறைத் துண்டுகளையும் காற்றுக்குமிழிகளையும் சூரிய வெளிச்சத்தையும் கொண்டே பவளங்களை வீட்டில் உயிரோடு வைத்திருந்து, நீரைச் சுத்தம் செய்பவை கண்ணுக்குத் தெரியாத இந்த ஜீவன்களே என்று மெய்ப்பித்தார். இன்று அவற்றுக்குத் துணையாக, கரைந்த அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மரும், நீரைச் சுழலச் செய்யும் வேவ்மேக்கரும் வந்திருக்கின்றன.

இந்த இயந்திரங்கள் அனைத்தும் மின்சாரத்தை நம்பி நிற்பவை. சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து 1902-லேயே மின்சாரம் பெற்ற ஊர் நம்முடையது. சாம்பியன் ரீப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறையின் வெப்பம் அறுபது டிகிரியைத் தாண்டிய இடத்தில், மேலிருந்து செலுத்தப்பட்ட காற்றை நம்பி வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இயந்திரம் நின்றால் மூச்சு நிற்கும் என்ற நிலையில் கீழே மனிதர் இருந்தது போலத்தான் தொட்டிக்குள் மீன் இருக்கிறது. நீரோட்டம் நின்ற சில மணி நேரத்துக்குள் பிராணவாயு குறையத் தொடங்கிவிடும். ஆதலால் பாட்டரியில் ஓடும் ஒரு காற்றுப் பம்பாவது வாங்கி வைக்க இயலாதவர், எத்தனை ஆசையிருந்தாலும், இந்த முயற்சியில் இறங்காதிருப்பதே தர்மம்.

நமது பகுதிக்கென்று இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது தண்ணீர்க் கணக்கு. ஆயிரம் அடிக்கு மேல் துளைத்தும் நீர் காணாத கிணறுகளும், கண்ட நீரிலும் புளோரைடு கலந்த கிராமங்களும் உள்ள மாவட்டம் கோலார். பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியை நம்பி வாழ்ந்த நகரம் நமது நகரம். பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாய்வழி கொண்டுவந்து ஏரிகளை நிரப்பும் நிலைமைக்கு இந்தச் சீமை வந்துவிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் கடின நீரைத் தொட்டிக்கு ஏற்ற தூய நீராக்க ஆர்.ஓ. கருவி வேண்டும், அந்தக் கருவியோ ஒரு லிட்டர் தூய நீருக்குச் சுமார் மூன்று லிட்டரைக் கழித்துத் தள்ளும். 200 லிட்டர் தொட்டியில் வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவதற்கு 20 லிட்டரும், ஆவியாவதை ஈடுசெய்ய நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் வீதம் 14 லிட்டரும் வைத்துக்கொண்டால், 34 லிட்டர் தூய நீருக்காக 100 லிட்டருக்கு மேல் வெளியே போகிறது. அந்த நீரைச் சாக்கடையில் விடாமல், துணி துவைக்கவும் தரை கழுவவும் பிடித்து வைப்பது, குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கும் அயல்வீட்டாருக்கு நாம் செய்யவேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

மாற்றிய பழைய உப்புநீரை எங்கே கொட்டுவது என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். வாரத்துக்கு 20 லிட்டர் என்றால் அதில் 700 கிராம் உப்பு இருக்கிறது. ஓராண்டில் அது 36 கிலோவாகிறது. அதைத் தென்னைக்கும் முருங்கைக்கும் ஊற்றினால் மண் பாழாகும். அகன்ற தட்டுகளில் வெயிலில் வற்றவைத்து, எஞ்சும் உப்பைத் தனியே சேர்த்து அப்புறப்படுத்துவதே நம் வறண்ட பூமிக்குப் பொருந்தும் முறை.

இனி, கடல் ஜீவன்களைக் கண்ணாடிக்குள் வைக்கும் மோகம் கடற்கரைக்கு என்ன செய்யும் என்பதற்குச் சரித்திரத்தில் ஓர் உதாரணம் உண்டு. இங்கிலாந்தில் பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கை விஞ்ஞானி 1854-இல் வெளியிட்ட நூலைப் படித்த ஜனங்கள், கடற்பூக்களையும் நண்டுகளையும் வீட்டில் வளர்க்கும் ஆசை கொண்டு, கூடைகளும் உளிகளுமாகக் கரையோரப் பாறைக்குழிகளை மொய்த்தனர். அரை நூற்றாண்டுக்குப் பின் அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் தாம் எழுதிய நூலில், யுகயுகமாகத் தீண்டப்படாதிருந்த அந்தக் குழிகள் கூட்டங்கூட்டமாக வந்த சேகரிப்பாளர்களால் வெறுமையாக்கப்பட்டதையும், தம்முடைய எழுத்தே அதற்கு வழிவகுத்ததைக் கண்டு தந்தை வேதனைப்பட்டதையும் பதிவு செய்திருக்கிறார். அந்த ஜனங்களில் ஒருவரும் கடலை வெறுத்தவர் அல்லர். அனைவரும் அதை நேசித்தவர்களே. நேசம் மட்டும் போதாது, கட்டுப்பாடும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நம்முடைய கடலும் புண்படாததன்று. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும், சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் அங்கே பவளம் வெட்டப்பட்டு வந்தது. அந்த அரண் போனபின் அலையை எதிர்த்து நிற்கமாட்டாமல் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கின. வெட்டு ஓய்ந்த பிறகு, 2010-இலும் 2016-இலும் கடல்நீர் சூடேறியதால் பவளங்கள் வெளுத்து, கணிசமான பகுதி மடிந்தது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் பல ஆண்டுகளாகப் பவளத் துண்டுகளைக் கடலடியில் நட்டு வளர்த்து வருகிறார்கள். ஒருபுறம் ஒரு ஸ்தாபனம் கையால் நட்டு வளர்ப்பதை, மறுபுறம் ஒருவர் கூடத்தின் அலங்காரத்துக்காகப் பிடுங்குவது எவ்வகையிலும் சரியாகாது.

சட்டமும் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறை கட்டும் பவளங்கள் எல்லாமும், கருப்புப் பவளமும், கடல்விசிறியும், கடற்குதிரையும் 2001-இல் சேர்க்கப்பட்டன. புலிக்குள்ள பாதுகாப்பு அப்போது அவற்றுக்கும் கிடைத்தது. மீறுவோர்க்கு மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனை விதிக்க இடமிருக்கிறது. செத்துக் கரையொதுங்கிய பவளத் துண்டானாலும், தொட்டிக்கு அழகென்று எடுத்து வருவது குற்றமே. ஆதலால் பவளமில்லாமல் தொட்டி அமைக்கக் கற்றுக்கொள்வதே நமக்கு உகந்தது. சிமெண்டும் சிப்பித்தூளும் மணலும் கலந்து துளைகளோடு வார்த்த செயற்கைக் கல்லை, அதன் காரம் இறங்கும்வரை பல வாரம் நீரில் ஊறவைத்து உபயோகித்தால், மேற்சொன்ன நுண்ணுயிர்கள் அதிலும் தாராளமாகக் குடியேறும். மீனுக்கு மறைவிடமும் கிடைக்கும்.

என் கட்சிக்கு எதிராக இரண்டு வாதங்கள் சொல்லப்படுவதுண்டு. கடல் ஜீவன்களைக் கண்ணால் காணாதவனுக்கு அவற்றின்மேல் அக்கறை எப்படிப் பிறக்கும் என்பது ஒன்று. இதில் உண்மை இருக்கிறது. 1909-இல் சென்னைக் கடற்கரையில் திறக்கப்பட்டு, இரண்டாம் உலக யுத்தகாலத்தில் மூடப்பட்ட மீன்காட்சிச்சாலை, கடலோரத்திலேயே வாழ்ந்த ஜனங்களுக்கும் கடலுக்குள் இருப்பதை முதன்முதலாகக் காட்டியது. ஆனால் அந்த அக்கறையை ஊட்டப் பண்ணையில் பிறந்த ஒரு ஜோடி மீனே போதும். இருபது மீன்களைப் பிடித்து வந்து பதினெட்டைச் சாகக் கொடுப்பது அக்கறையை வளர்க்கும் வழியாகாது. மீன் பிடித்து விற்கும் ஏழைகளின் ஜீவனோபாயம் என்ன ஆகும் என்பது மற்றொன்று. கைவலையால் பக்குவமாகப் பிடித்து, தங்கள் பாறையைத் தாங்களே காத்துவரும் மீனவர்களும் உலகில் உண்டு. அவர்களை நான் குறை சொல்லேன். எனினும், பல கை மாறி ராபர்ட்சன்பேட்டைக்கு வந்து சேரும் மீன் வலையில் விழுந்ததா விஷத்தில் விழுந்ததா என்பதை அறிய வாங்குபவனுக்கு எந்த மார்க்கமும் இல்லை. அறிய முடியாதபோது வாங்காதிருப்பதே நேர்மை. மீனவர்க்கு நிலையான வருமானம் தரவல்லதும், வளரவளரப் பாறையைத் தின்றுவிடாததும், இனவிருத்தித் தொழில்தான்.

அந்தத் தொழிலுக்கு வேண்டிய வித்தை நம் நாட்டிலேயே இருக்கிறது. 1947-இல் தொடங்கப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் கிளையும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கடல் உயிரியல் உயராய்வு மையமும், கோமாளி மீன் இனங்களைத் தொட்டியில் முட்டையிடச் செய்து குஞ்சுகளை வளர்த்தெடுக்கும் முறைகளை நெடுநாட்களாகக் கையாண்டு வருகின்றன. இந்த மீனின் வாழ்க்கை கேட்பதற்கே விந்தையானது: எல்லாக் குஞ்சும் முதலில் ஆணாகவே வளர்கிறது, கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாக மாறுகிறது, கல்லின்மேல் ஒட்டப்பட்ட சில நூறு முட்டைகளை ஆண்மீன் செட்டையால் விசிறியும் வாயால் துடைத்தும் ஏறத்தாழ ஒரு வாரம் காத்திருக்க, இருள் சூழ்ந்த பின் குஞ்சுகள் வெளிவருகின்றன. முதலில் ரோட்டிபர் என்னும் நுண்ணிய ஜீவன்களையும், பின்னர் ஆர்ட்டீமியாவின் குஞ்சுகளையும் ஆகாரமாகக் கொடுத்து அவற்றை வளர்க்கிறார்கள். பிறந்தது முதல் தொட்டியையே அறிந்த இம்மீன் கொடுத்த ஆகாரத்தைத் தயங்காமல் உண்ணும். கடலில் தான் அடைக்கலம் கொள்ளும் கடற்பூ இல்லாமலே நெடுங்காலம் நலமாக வாழும். அலைந்து திரிந்த கடலை இழந்த மீன்போல் மூலையில் ஒடுங்கிப் பட்டினி கிடப்பதில்லை. புதிதாகத் தொடங்குவோருக்கு இதனினும் உகந்த உயிர் வேறில்லை.

ஆகவே என் வேண்டுகோள் மூவருக்கு. மண்டபத்து ஆராய்ச்சி நிலையத்தாரும் தமிழ்நாடு, கர்நாடக மீன்வளத் துறையினரும், பொரிப்பகத்தில் பிறந்த ஒவ்வொரு தொகுதி மீனுக்கும் பிறந்த இடமும் மாதமும் குறித்த சான்றிதழ் வழங்கும் ஏற்பாட்டைச் செய்து, உள்நாட்டுச் சிறு நகரங்களின் கடைகளுக்கும் அவை நியாயவிலையில் வந்து சேர வழிகாட்ட வேண்டும். கடலோரத்து மீனவப் பெண்களுக்கு அந்தத் தொழிலைக் கற்பித்து மூலதனம் அளித்தால், பாறையும் பிழைக்கும், குடும்பமும் பிழைக்கும். கடைக்காரர்கள், பிடித்த மீனையும் வளர்த்த மீனையும் தனித்தனித் தொட்டியில் வைத்து, எது எதுவென்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்ட வேண்டும்.

மூன்றாவது வேண்டுகோள் வாசகர்களுக்கு. கடல்நீர்த் தொட்டி வைக்க விரும்பினால், மின்சாரம் நின்றால் என்ன செய்வது, கழிவுநீரை எங்கே விடுவது, ஊருக்குப் போனால் யார் கவனிப்பார்கள் என்ற மூன்றுக்கும் விடை எழுதி வைத்துக்கொண்ட பிறகு கடைக்குப் போங்கள். போனதும் விலையைக் கேட்பதற்கு முன்பாக மீன் எங்கே பிறந்தது என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் வெறுங்கையோடு திரும்பி வாருங்கள். வாங்குவோர் பத்துப் பேர் அப்படித் திரும்பினால், பதினோராவது ஆளுக்குப் பதில் சொல்லக் கடைக்காரர் தாமாகவே ஆயத்தமாவார்.